விளக்கு உத்திரம்

பெரம்பலூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பெனடிக்ட்டுக்கு ஒரு ஆசை வந்துவிட்டால், குறுக்கே மாதாவே வந்து நின்றாலும் கொஞ்சம் நகரச் சொல்வார். மகள் ஷாலினி மேரியின் கல்யாணத்தில் அவருக்கு வந்த ஆசை இதுதான்: வாசலில் நின்று எடுக்கிற போட்டோவில் பீடமும் மாதா சுரூபமும் பெண்ணும் மாப்பிள்ளையும் மறைவில்லாமல் விழ வேண்டும். குறுக்கே நின்றது ஒரு உத்திரம்.

அவருடைய சொந்த ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கும் பறங்கித்துறை. நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி, ஓடங்களில் ஆற்றை எதிர்த்து மேற்கே வந்த போர்ச்சுகீசியர் அங்கே கட்டியது இந்தச் சின்னக் கோயில். தூண் கிடையாது, ஓடு கிடையாது. கூண்டு வண்டியின் கூண்டு மாதிரி செங்கல்லும் சுண்ணாம்புமாக வளைத்துக் கட்டிய கூரை, அப்படியே இரண்டு பக்கச் சுவர்மேலும் உட்கார்ந்திருக்கும். வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு பேர் தோள் உரசித்தான் நுழையலாம். அந்தக் காலத்தில் கலகம் வந்தால் உள்ளே புகுந்து தாழ் போட்டுக்கொள்ள அப்படி வைத்தார்களாம்.

வளைவு ஆரம்பிக்கிற உயரத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் போன தேக்கு உத்திரத்தில்தான் முன்பெல்லாம் எண்ணெய் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். அதனால் அதற்கு விளக்கு உத்திரம் என்று பெயர். கரண்டு வந்தது, விளக்குகள் போயின, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஊரையே ஏமாற்றியது அந்தப் பெயர்தான்.

"விளக்கே இல்ல, அப்புறம் உத்திரம் எதுக்கு?" என்று ஊர்க்கூட்டத்தில் பெனடிக்ட் ஒற்றைக் காலில் நின்றார். புதிதாக வந்திருந்த இளவயது சாமியாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அறுத்து இறக்கினார்கள். அறுக்கும்போது, உத்திரத்தின் இரண்டு முனையிலும் கனத்த இரும்புப் பட்டை போட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்வரை கொண்டுபோய் முடுக்கியிருந்ததை பெனடிக்ட் தன் கண்ணாலேயே பார்த்தார். நாலு விளக்கு தொங்குவதற்கு இவ்வளவு முரட்டுப் பிடி எதற்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. "பறங்கியான் எதையும் கெட்டியாத்தான் செய்வான்" என்று சிரித்துவிட்டு, தொடர்ந்து அறுக்கச் சொன்னார். சுவருக்கு ஒரு சாண் துண்டு மட்டும் மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்று காலையில் அந்த இரண்டு துண்டுக்கும் நடுவே நைலான் கயிற்றில் மல்லிகைத் தோரணம் கட்டினார்கள். கட்டியவன் அவசரக்காரன். தோரணம் நடுவில் தொய்ந்து கிடந்தது.

"சார், மாதா முகத்த மறைக்குது. இழுத்துக் கட்டச் சொல்லுங்க" என்றான் போட்டோக்காரன்.

பெனடிக்ட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் ஏணி போய்விட்டது, கூட்டம் வந்துவிட்டது. சகித்துக்கொண்டார்.

வாசலில் பேண்டுக்காரர்கள் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர, பூசை ஆரம்பித்தது. உள்ளே எள் போட்டால் எள் விழாது. சாமியார் பிரசங்கத்துக்கு வந்தபோது பெனடிக்ட்டின் பட்டுச் சட்டையில் வெள்ளையாகத் தூள் விழுந்தது. கல்யாணத்துக்காக அடித்த புதுச் சுண்ணாம்பு என்று தட்டிவிட்டார். மறுபடியும் விழுந்தது. அப்போது போட்டோக்காரன் குனிந்து அவர் காதில் சந்தோஷமாகச் சொன்னான்.

"இப்ப சூப்பர் சார். தோரணத்த யாரு இழுத்துக் கட்டுனது?"

பெனடிக்ட் நிமிர்ந்து பார்த்தார். தோரணம் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. கயிறு தானாகச் சுருங்காது. அப்படியென்றால் அதைக் கட்டியிருந்த இரண்டு துண்டுகளும் விலகியிருக்கின்றன. துண்டுகள் இருப்பது சுவரில்.

அந்த இரும்புப் பட்டை எதற்கு என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வளைந்த கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளத் தள்ள, அவை விரிந்துவிடாமல் இத்தனை தலைமுறையாக உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது அந்த உத்திரம். நேர் கீழே மகள் உட்கார்ந்திருந்தாள்.

கத்த வாயெடுத்தவர் வாசலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேர் போகிற வாசல். கூரை விழுகிறது என்று ஒரு சத்தம் போட்டால், கூரை விழுவதற்கு முன்பே அங்கே பிள்ளைகள் மிதிபட்டுச் சாவார்கள். நேராகப் பீடத்துக்கு நடந்து, சாமியாரின் காதில் சொன்னார்.

"சாமி, சுவரு விலகுது, கூரை இறங்கப் போவுது. தோரணத்தப் பாருங்க. எல்லாரும் வெளிய போவணும், ஆனா ஓடக் கூடாது."

சாமியார் அண்ணாந்து பார்த்தார். ஆனாலும் மைக்கில் அவர் குரல் பிசகவில்லை.

"தாலி கட்டுறது வெளிய கொடிமரத்தடியில. அதுக்கு முன்னாடி மாதாவுக்கு ஒரு சுற்றுப்பிரகாரம் போவோம். சிலுவைக்குப் பின்னாடி வரிசையா வாங்க."

முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் சுற்றுப்பிரகாரம் என்ற வார்த்தை அந்த ஊர்க்காரர்களின் கால்களுக்குத் தெரியும். பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை சவரியார் சிலுவையைத் தூக்கினார். கூட்டம் தானாக இரண்டு வரிசையானது. வாசலில் பேண்டுக்காரன் குச்சியை ஓங்க, "மேளம் வேணாம்!" என்று பெனடிக்ட் அடித்தொண்டையில் சீறினார்.

அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. சுற்றுப்பிரகாரத்தில் சிலுவை முதலில், பிறகு பிள்ளைகள், பெண்கள், ஆண்கள். சாமியாரும் மணமக்களும் எல்லோருக்கும் கடைசியில்.

"பாப்பா மட்டும் முன்னாடி..." என்று ஆரம்பித்தார்.

"பொண்ண இழுத்துட்டு ஓடுனா மத்தவங்களும் ஓடுவாங்க" என்றார் சாமியார் மெதுவாக.

பெனடிக்ட் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னப்பா கூத்து இது? அத்தை மூஞ்சியப் பாருங்க."

"சிரிச்சிகிட்டே நில்லும்மா."

அத்தையாகப்போகிற சம்பந்தியம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "பூசை நடுவுல இது என்ன பழக்கம்? எங்க வூட்டுப் புள்ள கல்யாணம் நடுத்தெருவுலயா? நான் எந்திரிக்க மாட்டேன்." அவருக்குப் பின்னால் வரிசை தேங்கியது. மேலே உப்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

யாருக்கும் தலை வணங்கிப் பழக்கமில்லாத பெனடிக்ட், ஊரும் உறவும் பார்க்க, அந்த அம்மாளின் காலைப் பிடித்தார். "எவ்வளவு வேணாலும் திட்டுங்க. வெளிய வந்து திட்டுங்க." வெட்கத்தில் துள்ளி எழுந்த சம்பந்தியம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் சேர்ந்தார்.

கடைசி ஆண்கள் நகரும்போது தோரணம் அறுந்து தெறித்தது. மல்லிகை மணமக்கள் தலையில் கொட்டியது. நல்ல சகுனம் என்று யாரோ சிரித்தார்கள். ஷாலினி மேரி மட்டும் மேலே பார்த்தாள். வளைவின் உச்சி நீளத்துக்குப் பிளந்து, அதில் வெளிச்சம் தெரிந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கையை இறுகப் பிடித்தாள். வரிசை அடி அடியாக நகர்ந்தது. அந்த வாசல்வரை நடந்த நடையில் பெனடிக்ட் வேண்டாத தெய்வமில்லை. மாப்பிள்ளை வெளியேறினான். பட்டுப்புடவைத் தலைப்பு நிலைப்படியைத் தாண்டியது. சாமியாரை வெளியே தள்ளிவிட்டுத் தானும் தாண்டினார்.

கொடிமரத்தை நெருங்கும்போது பின்னால் தரை அதிர்ந்தது. லாரியில் செங்கல் கொட்டுகிற சத்தம்தான், ஆனால் நிற்காமல் வந்தது. வாசல் வழியே புழுதி சுருண்டு வந்து எல்லோரையும் வெள்ளையாக்கியது. அலறல் அடங்கியதும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. சம்பந்தியம்மா பெனடிக்ட்டைப் பார்த்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

புழுதி இறங்கியது. முன்சுவரும் பீடத்துச் சுவரும் நின்றன. நடுவில் கூரை இல்லை. வாசலிலிருந்து பார்த்தால், பகல் வெயிலில் மாதா தலை முதல் பாதம்வரை தெரிந்தாள். மறைக்க ஒன்றுமே இல்லை.

போட்டோக்காரன் பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கினான்.

பெனடிக்ட் தன் கையை லென்சுக்குக் குறுக்கே வைத்தார்.