நியாமிசி வீசவேண்டிய சட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதிக்கவில்லை. முவான்சா நகரில் மாத இதழ் நடத்தும் ஒருவர், தன்னம்பிக்கையால் முன்னேறும் பெண்ணைப் பற்றி எழுதித்தரச் சொன்னார். பதினாறு வருடம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவன் நான். அங்கே நசுங்கிய விரல்களைப் பார்த்திருக்கிறேன். தன்னம்பிக்கையைப் பார்த்த ஞாபகம் இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘நியாமிசியின் கண்களில் விடியலின் ஒளி...’

வேண்டாம். கல்தூசி விழுந்த கண்ணில் ஒளி எங்கே வரும்?

2

நியாமிசிக்கு முப்பத்து நான்கு வயது. அவள் உடைத்துக் குவித்த ஜல்லி மூன்று லாரி தேறும். (இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று என்றால் குவாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.) வெள்ளிக்கிழமை புல்டோசர் வந்து அந்த இடத்தை நிரவப்போகிறது. அதற்குள் விற்காவிட்டால் நான்கு மாத உழைப்பு மண்ணோடு போய்விடும்.

எங்கள் குவாரியில் லாரி ஓடிவரும்போதே பெண்கள் இரும்புச் சட்டியை அதற்குள் வீசுவார்கள். முதலில் விழுந்த சட்டி யாருடையதோ, அவர் குவியலில்தான் லோடு. நியாமிசி வீசியதே இல்லை. தவறிவிட்டால் சிரிப்பார்களே என்று சட்டியை மார்போடு அணைத்தபடி நிற்பாள்.

எழுதினேன்: ‘அன்று காலை அவளுக்குள் தன்னம்பிக்கை பிறந்தது. வீசினாள். விழுந்தது.’

3

இன்னும் அங்கே கல்லுடைக்கும் ஹோலோ அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“பொறந்துச்சா? யாருடா பிரசவம் பாத்தது?” என்றார்.

ரோஷத்தோடு திரும்பிவந்து தன்னம்பிக்கையை அள்ளிக் கொட்டினேன். இந்த முறை நியாமிசி வீசிய சட்டி லாரியைத் தாண்டிப் பறந்து, கஞ்சி விற்பவளின் பானையில் விழுந்தது.* அங்கேதான் குறிவைத்தேன் என்று நியாமிசி எல்லோரிடமும் சாதித்தாள்.

* கஞ்சி விற்பவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நஷ்டஈடு கேட்பாள்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார்.

“நம்பிக்கை கிம்பிக்கைன்னு எதையும் அவகிட்ட குடுக்காத. சட்டிய குடு, வீசிப் பழகட்டும். நான் மொதல்ல வீசுனது டிரைவர் மண்டையில. அவனுக்கு மூணு தையல். மறுநாளும் போய் வீசினேன்டா.”

4

எனவே திங்கள் முதல் நியாமிசி, டயரில்லாமல் கிடக்கும் பழைய லாரிக்குள் வீசிப் பழகுகிறாள். திங்களன்று குவாரியே சிரித்தது. செவ்வாயன்று பாதிப் பேர். புதனன்று சிரிக்க யாருக்கும் நேரமில்லை. அவரவருக்கு உடைக்கக் கல் இருந்தது. பத்துக்கு நான்கு உள்ளே விழுகிறது. அன்று மாலை அவள் என்னைக் கேட்காமலேயே முன்வரிசைக்கு வந்து நின்றாள். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

5

வியாழன், கடைசி லாரி.

விழுந்தது என்று முடித்தால் இதழ்க்காரர் மகிழ்வார். எனக்கு நம்பிக்கை இல்லை. விழவில்லை என்று முடிக்கக் கை வரவில்லை. அக்காவிடமே போய் நின்றேன்.

“லாரிய மெதுவா வர வைடா. அவளுக்கு நீ செய்யக்கூடியது அது ஒண்ணுதான்.”

வளைவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டிவிட்டேன். லாரி முதல் கியரில் உறுமுகிறது. ஓட்டுநர் என் பரம்பரையையே திட்டுகிறார். நியாமிசியின் கை பின்னால் போகிறது. சட்டி எங்கே விழுகிறது என்று நீங்கள்தான் எட்டிப் பார்க்கவேண்டும். நான் வரமுடியாது, இங்கிருந்து நகர்ந்தால், ஓடும் லாரியில் வீசிப் பழகிய மற்ற பெண்கள் பள்ளத்தை மூடிவிடுவார்கள்.