கொக்குமேட்டுத் தீவு

மேற்குத் தாம்பரத்தில் முஸ்தபாவின் ஹார்டுவேர் கடைக்கு மாடியில் இளந்தளிர் அறக்கட்டளை இயங்கியது. தலைவர் ஸ்ரீநிவாசராகவன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளத்துக்கு இருந்தது சபீஹா ஒருத்திதான். நர்ஸிங் படித்தவள். குழந்தை பிறந்த பிறகு ஆஸ்பத்திரி ஷிஃப்ட் ஒத்துவராமல் இங்கே வந்து சேர்ந்தாள்.

2006 ஆடி மாதம் ஒரு நாள் ராகவன் சார் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, "ஏம்மா, நம்ம பக்கத்துல தீவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"தாம்பரத்துலயா சார்?"

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் உதவப் போகிறதாம். தீவில் வாழும் குழந்தைகளாக மட்டும் இருக்க வேண்டுமாம்.

சபீஹாவுக்குக் கொக்குமேடு ஞாபகம் வந்தது. படப்பை ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஏரிக்கு நடுவில் ஒரு மேடு. வேலை செய்த கல்குவாரியை மூடிய பிறகு பதினோரு குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, செங்கல் சூளை வேலைக்குப் போய் வந்தார்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் தை முடியும்வரை சுற்றிலும் தண்ணீர். எதிர்க்கரையில் பள்ளிக்கூடம். அந்த நான்கு மாதமும் பிள்ளைகள் போக மாட்டார்கள். வீட்டுக்கு வீடு சொறி பரவும். சொட்டு மருந்து கொடுக்க வருகிறவள் கரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

இதையெல்லாம் அவள் சொன்னாள். ராகவன் சார் காதில் ஒன்றுதான் விழுந்தது.

"நாலு பக்கமும் தண்ணியா?"

"நாலு மாசம்தான் சார்."

"மாசத்தை விடும்மா. பக்கம்தான் முக்கியம்."

கார்த்திகையில் விண்ணப்பத்தோடு அனுப்பப் படம் எடுத்தார்கள். எதிர்க்கரை செல்போன் டவர் தெரியாதபடி போட்டோகிராபர் குனிந்து எடுத்தார். தை பிறந்ததும் அனுமதி வந்தது, பின்னாலேயே பொருள்கள் வந்தன. நாற்பது மிதவைச் சட்டைகள், சுனாமி வந்தால் என்ன செய்வது என்று விளக்கும் வண்ணப் படங்கள், ஒரு மருந்துப் பெட்டி. பெட்டியில் பாதிக்கு மேல் கப்பல் பயணத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரை.

சபீஹா அதை ஓரமாக வைத்துவிட்டு, சொறிக்கும் குடல்புழுவுக்கும் மருந்து கேட்டு நிறுவனத்துக்குத் தானே எழுதி வாங்கினாள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மேட்டுக்குப் போனாள். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான கிளியம்மாள்தான் முதலில் தன் பிள்ளைகளை அவள் கையில் விட்டாள். பத்தொன்பது பிள்ளைகளுக்கும் கழுத்திலிருந்து கால்வரை மருந்து தடவி, எல்லா வீட்டுத் துணியையும் கொதிக்கும் தண்ணீரில் போட வைத்தாள். மூன்றே வாரத்தில் பிள்ளைகள் சொறியாமல் தூங்கினார்கள்.

கிளியம்மாள் மிதவைச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னாத்துக்குமா?"

"தண்ணியில விழுந்தா மிதக்கறதுக்கு அக்கா."

"வுழாம போறதுக்கு ஒண்ணும் இல்லியா? அந்தாண்ட முப்பதடிதான் கீது. ஒரு பாலம் போட்டுக் குடுத்தா புள்ளிங்க நடந்தே இஸ்கூலுக்குப் பூடும்."

சபீஹா ஆபீஸில் வந்து சொன்னாள். ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"பாலம் போட்டா அது தீவு இல்லையேம்மா."

"பசங்க ஸ்கூலுக்குப் போவாங்க சார்."

"போவாங்க. எந்தத் திட்டத்துல போவாங்க?"

சித்திரையில் கடிதம் வந்தது. நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து ஹர்ஷா என்கிற அதிகாரி தீவைப் பார்க்க வருகிறார். ஏரியோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"டேங்கர் லாரி சொல்லும்மா," என்றார் ராகவன் சார். "சுத்தி வர வேண்டாம். அவர் இறங்கற பக்கம் மட்டும் தண்ணி நின்னா போதும்."

சபீஹாவுக்கு வெட்கமாக இருந்தது. வேலையும் வேண்டியிருந்தது. ஆறு லாரிக்குப் போன் செய்தாள்.

முதல் லாரித் தண்ணீரை மண் குடித்தது. இரண்டாவது சேறானது. மூன்றாவது வருவதற்குள் விஷயம் பரவி, கொக்குமேட்டுப் பெண்களும் கரையோரக் குடியிருப்புக்காரர்களும் குடத்தோடு வந்து வரிசை கட்டிவிட்டார்கள். அந்தக் கோடையில் அந்தப் பக்கம் எவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

ராகவன் சார் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். "அம்மா, இது பிடிக்கற தண்ணி இல்லை. தீவுக்கு வந்த தண்ணி."

"நாங்கதான் சார் தீவு," என்று சொல்லிவிட்டுக் கிளியம்மாள் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

ஹர்ஷாவின் கார் ஏரிக்கு நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு மேட்டு வாசலிலேயே வந்து நின்றது. பிள்ளைகள் வெயிலில் மிதவைச் சட்டை போட்டு வியர்த்து நின்றார்கள். அவர் லாரியையும் குட வரிசையையும் சுற்றிலும் பார்த்தார். பிறகு கிளியம்மாளுக்கு என்ன தேவை என்று ஆங்கிலத்தில் கேட்டார். சபீஹா மொழிபெயர்க்க வேண்டும்.

கிளியம்மாள் பேசி முடித்ததும் ராகவன் சார் சபீஹாவைப் பார்த்தார்.  அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இப்போது நடந்து போகலாம், மழை பெய்தால் முடியாது, சட்டையை எடுத்துக்கொண்டு பாலம் கொடுங்கள் என்கிறாள்.

ஹர்ஷா நிறைய எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. கொக்குமேட்டுத் தீவில் குடிநீர் விநியோகம் மிகச் சிறப்பாக நடக்கிறது. பாலம் தீவின் இயல்பைக் கெடுக்கும் என்பதால் விதிகளில் இடமில்லை.

சபீஹா அதைப் படித்துவிட்டு நேரே கீழே இறங்கினாள். முஸ்தபாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"எத்தன அடிம்மா?"

"முப்பது, பாய்."

"குடோன்ல பழைய சென்ட்ரிங் ஷீட்டு, பைப்பு எல்லாம் துரு புடிச்சிகினு கெடக்குது. ஆள் இருந்தா எடுத்துக்க."

சூளை ஆட்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைத்தார்கள். சவுக்குக் கம்பு நட்டு, பைப்பைப் பிணைத்து, மேலே இரும்புத் தகடு பாவி, இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கயிறு கட்டினார்கள். செய்தி ராகவன் சாருக்கு எட்டியது. அவர் கோபப்படவில்லை. "யாரும் போட்டோ மட்டும் எடுத்துடாதீங்கோ," என்றார்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மறுநாள் காலை பத்தொன்பது பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தகடு தடதடக்கப் பாலத்தைக் கடந்தார்கள். சபீஹாவும் கூடப் போனாள். பள்ளி வாசலில் சாராள் டீச்சர் அவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மழைக்காலத்துல உங்க பசங்க வரமாட்டாங்களே. அவங்க பெஞ்சையெல்லாம் ஸ்டோர் ரூம்ல அடுக்கிட்டேனே."

"இந்த வருஷம் வருவாங்க டீச்சர்."

டீச்சர் ஈரக் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போய், ஒரு பெஞ்சின் முனையைத் தூக்கினார்.

"மறுபக்கம் பிடிங்க," என்றார் சபீஹாவிடம்.