ஒர்மண்டுக்கு ஒரு நிமிடம்

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தீவின் கால்பந்துச் சங்கத் தலைவர் கார்லைல் லபாஸ்டீட். இதுவரை ஒரு வாக்குச்சீட்டுகூட அவருக்காகப் பெட்டியில் விழுந்ததில்லை. பொதுக்குழுவில் அவருடைய மைத்துனர் அவர் பெயரைச் சொல்வார், கிளப் பிரதிநிதிகள் கைதட்டுவார்கள், தேர்தல் முடிந்துவிடும். யாராவது ஒருவர் கேட்டால் சீட்டுப் போட்டாக வேண்டும் என்பது விதி. ஆனால் கேட்டவனின் கிளப்புக்கு அப்புறம் பந்தும் வராது, மைதானமும் கிடைக்காது. அந்தக் கைதட்டலின் பலத்தில்தான் அவர் சூரிச்சில் உலகச் சங்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உலகக் கோப்பை எந்த நாட்டுக்கு என்று கை தூக்கினார். தூக்கிய கையில் அடுத்த மாதமே ஒரு புதுக் கடிகாரம் மின்னும்.

வெர்லினாவின் கணவர் ஒர்மண்ட் அந்தச் சங்கத்தின் செயலாளர். அவருக்கு ஓட்டுக் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் தகரப் பெட்டியையும் சீட்டுகளையும் சுமந்துகொண்டு போவார், அப்படியே சுமந்துகொண்டு திரும்புவார். "ஒரே ஒரு தடவை இதத் தொறந்துட்டாப் போதும், வெர்லி. அந்தாளே ஜெயிச்சாலும் சரி" என்பார். மார்ச் மாதம் இதயம் நின்று போனார்.

ஜூனில் பொதுக்குழு. பெட்டியை வெர்லினா கொண்டுபோய் மேடையில் வைத்தாள். தீவின் முதல் பெண் நடுவர் அவள். மைதானத்தில் மௌன அஞ்சலியைத் தொடங்குவதும் முடிப்பதும் நடுவரின் விசில்தான் என்பதால், கணவருக்கான அஞ்சலியை அவளே நடத்தட்டும் என்று லபாஸ்டீட் ஏற்பாடு செய்திருந்தார். சூரிச்சிலிருந்து வந்திருந்த பார்வையாளர் பார்த்து உருக வேண்டும் அல்லவா.

"சுருக்கா முடிச்சிடுங்க, மிஸ் வெர்லினா. விருந்தாளிக்கு மூணு மணிக்கு ஃபிளைட்டு" என்றார் வாசலில்.

"ஒரு நிமிஷம் தானே, தலைவரே?"

"மைதானத்துல நாப்பது செகண்டுல விட்டுடுறோமே! ஒர்மண்ட் கோவிச்சுக்கவா போறான்?"

அவள் மேடைக்குப் போய் நின்றாள்.

விசில் ஊதினாள். முப்பத்தொரு பிரதிநிதிகளும் எழுந்து தலை குனிந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் பந்தாடியவர்கள். நடுவரின் விசில் வராமல் அசையக்கூடாது என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறியிருந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. விசில் அவள் உதட்டிலேயே இருந்தது. இரண்டு நிமிடம். யாரோ ஒருவருடைய வயிறு கத்தியது. விருந்தாளி தன் கடிகாரத்தைப் பார்த்தார். அச்சு அசலாக லபாஸ்டீட் கட்டியிருந்த கடிகாரமேதான். நான்காம் நிமிடத்தில் லபாஸ்டீட்டின் கழுத்தில் வியர்வை வழிந்தது. மைத்துனர் பக்கம் திரும்பிக் கண்ணால் அதட்டினார். மைத்துனர் வழக்கம்போல் பெயரைச் சொல்ல வாயைத் திறந்து, அவளைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

கடைசியில் தலைவரே கைதட்டினார். வேறு ஒருவரும் தட்டவில்லை. இறந்தவனுக்கான மௌனத்தில் தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட அந்தச் சத்தம், அந்தப் பெரிய கூடத்தில் கன்னத்தில் அறைந்ததுபோல் கேட்டது.

அப்போதுதான் அவள் ஊதினாள். தவறாட்டத்துக்கு ஊதுகிற குட்டை விசில்.

மீனவர் கிளப்பின் டெடி பொன்வால் சிரித்துவிட்டான். "ஃபவுல், தலைவரே! சாவு வீட்டுல போயி எவனாச்சும் கை தட்டுவானா?" சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் மாறியது. "எனக்குச் சீட்டு வேணும். பெட்டியத் தொறங்க."

பூட்டு துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் உடைத்தார்கள். விருந்தாளியின் விமானம் போய்விட்டது.

இருபத்தாறுக்கு ஐந்து. லபாஸ்டீட்தான் ஜெயித்தார். அந்த ஐந்து பேர் யார் என்று கண்டுபிடிக்க அன்றைய விருந்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாராம். மைத்துனர் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று டெடி பிறகு சொன்னான்.

வெர்லினா விருந்துக்கு இருக்கவில்லை. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். உள்ளே முப்பத்தொரு சீட்டுகளும் குலுங்கிக்கொண்டே வந்தன.