மூன்று கழுதை, ஒரு யானை

ரோசேர் திபோதோவும் அவர் மனைவி ஓடெட்டும் முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு கட்சி நடத்தினார்கள். அவர் யானைச் சின்னக் கட்சி, அவள் கழுதைச் சின்னக் கட்சி. வாசலின் இந்தப் பக்கம் அவர் பிரசாரப் பலகை, அந்தப் பக்கம் அவள் பலகை. தபால்காரர் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நடப்பார்.

அந்த வருஷம் கூத்து முற்றிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது ஐந்நூற்று முப்பத்தெட்டுத் தேர்வாளர்களின் ஓட்டு. மக்கள் நவம்பரில் போடுவது எந்தக் கட்சியின் தேர்வாளர் போகவேண்டும் என்பதற்கான ஓட்டுதான். பெரும்பாலான மாநிலங்கள் ஜெயித்தவருக்கே மொத்தத்தையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிடும். மேய்ன் மாநிலம் அப்படி இல்லை. அதற்கு நாலு ஓட்டு: மாநிலத்தில் ஜெயித்தவருக்கு இரண்டு, இரண்டு தொகுதிகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. இரண்டாம் தொகுதிக்கு யானைக் கட்சி ரோசேரைத் தேர்வாளராக நிறுத்தியது. கழுதைக் கட்சி ஓடெட்டை நிறுத்தியது.

மற்ற மூன்றையும் கழுதை தட்டிக்கொண்டு போனது. இரண்டாம் தொகுதி மட்டும் யானைக்கு. ரோசேருக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாகப் பனியில் பலகை நட்டவர், ஊர்ச் சபைக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் மண்ணைக் கவ்வியவர். டிசம்பரில் மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் நடக்கும் தேர்வாளர் கூட்டத்தில் ஓட்டுப் போட்டுத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடவேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால், பீன்ஸைப் பரிமாறிக்கொண்டே ஓடெட் கேட்டாள்.

"யோவ், தேர்வாளருக்குன்னு ஒரு புத்தகம் அனுப்புனாங்களே, படிச்சியா?"

"படம் பாத்தேன்."

"வாஷிங்டன் சர்க்கார் சம்பளம் வாங்கறவன் தேர்வாளரா இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அக்டோபர்லேர்ந்து தபாலாபீஸ்ல கிறிஸ்துமஸ் பார்சல் பிரிக்கிறியே, அது யாரு சம்பளம்? எங்க மாமா சம்பளமா?"

ரோசேர் கரண்டியைக் கீழே வைத்தார். "இது உனக்கு எப்படி தெரியும்?"

"எனக்கு வந்த புத்தகத்தை நான் படிச்சேன். போன மாசமே தெரியும். நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன். தப்பு என் மேலதான்."

கட்சி வக்கீல் போனில் வழி சொன்னார். தபால் வேலையை விட வேண்டும். தேர்வாளர் பதவியையும் விட வேண்டும். கூட்டம் தொடங்கியதும் மற்ற மூன்று தேர்வாளர்களும் காலி இடத்துக்கு அவரையே திரும்ப எடுக்க வேண்டும்.

"அந்த மூணு பேரும் கழுதைக் கட்சியாச்சே!" என்று அலறினார் ரோசேர்.

"ஆமா," என்றார் வக்கீல். "கொஞ்சம் மரியாதையா நடந்துக்கோங்க."

ரோசேர் இரண்டையும் எழுதிக் கொடுத்து விட்டார். ஓடெட்தான் வண்டி ஓட்டினாள். அகஸ்டா வரை நாலு மணி நேரம். மரியாதையாக நடக்க ரோசேர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

மண்டபத்தில் அந்த மூன்று தேர்வாளர்களில் மூத்தவரான ஹாஸ்கல் எழுந்தார். ரோசேரைப் பார்க்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த ஓடெட்டைப் பார்த்தார்.

"ஓடெட், கட்சிக்காக நீ ஏறாத படி இல்ல. காலி இடத்துக்கு உன்னையே எடுத்துடலாம்னு நாங்க பேசிக்கிட்டோம். வந்து உக்காரும்மா."

ஒத்திகை பார்த்த மரியாதையெல்லாம் ரோசேருக்கு மறந்துபோனது. ஆனால் நியாயமும் உறுத்தியது. பனியில் அவர் நட்ட ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் அவளும் ஒன்று நட்டிருக்கிறாள்.

ஓடெட் எழுந்தாள். காலியாக இருந்த தேர்வாளர் நாற்காலியைப் பார்த்தாள்.

"நான் உக்காந்தா யார் பேரை எழுதணும்?"

"சட்டப்படி, தொகுதியில ஜெயிச்சவர் பேரைத்தான்," என்று இழுத்தார் ஹாஸ்கல்.

"யானைக்காரர் பேரையா? இந்தக் கையாலயா?" மண்டபமே சிரித்தது. "எனக்கு வேணாம் சாமி. அந்தப் பாவத்தைப் பண்றதுக்குன்னே ஒருத்தனை வீட்டுல வச்சிருக்கேன். அவனையே எடுங்க."

மூன்று கழுதைக் கைகள் உயர்ந்தன. ரோசேர் ஓட்டுப் போட்டார். ஓட்டுச் சான்றிதழின் ஆறு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார். ஆறும் ஆறு விதமாக வந்தன.

வெளியே வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "உனக்கும் அந்த நாற்காலி மேல ஆசைதானேடி?"

"ரொம்ப ஆசை," என்றாள் ஓடெட். கண் கலங்கியிருந்தது. "அதான் சும்மா கெடைச்சப்ப வேணாம்னேன். அடுத்த தடவை நம்ம தொகுதியிலயும் எங்க ஆளு ஜெயிப்பாரு. அப்ப நானே போய் எழுதுவேன். நீ பின்னால உக்காந்து கை தட்டணும்."

கழுதைக் கட்சி ஜெயிக்கட்டும் என்று ரோசேர் அந்த நிமிஷம் மனதார வேண்டிக்கொண்டார். தன் கட்சிக்காரர் ஒருவரிடமும் அதை அவர் சொல்லவில்லை.