காலனி முனையில் நிற்காத பஸ்

விடிவதற்குள் நாற்றங்காலில் இறங்கிவிட்டார்கள். புரட்டாசி மாதத்துத் தண்ணீர் முழங்கால்வரை சில்லிட்டது. பரிமளா குனிந்து நாற்றைக் கொத்தாகப் பிடுங்கி, வேர்ச்சேற்றைக் காலில் அடித்து உதறி, முடிச்சுப் போட்டுப் பின்னால் எறிந்தாள். கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி குனிந்தாள். பக்கத்தில் அவள் அம்மா பாக்கியமேரி தலை நிமிராமலே, "வெளிச்சம் வந்துட்சி, போய்க் குளி. பஸ்ஸு உனுக்காவ நிக்காது" என்றாள்.

அந்த பஸ் காலனிப் பிள்ளைகள் யாருக்காகவும் நின்றதில்லை. அவர்கள் நாற்று பறித்த கழனி ஊரின் பெரிய நிலக்காரர் வேதகிரியுடையது. மானாம்பதி ரோட்டிலிருந்த கல்லூரியும் அதன் பஸ்ஸும்கூட அவருடையவைதான். பஸ் மற்ற ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, காலனி முனையைத் தாண்டிப் போய் ஊர்க்கோயிலண்டை நிற்கும். காலனிப் பிள்ளைகள் அதுவரை நடந்து, ஊர்ப்பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, கடைசியில் ஏற வேண்டும். பி.காம். இரண்டாம் ஆண்டு வரைக்கும் பரிமளா வாய் திறக்காமல் அப்படித்தான் போய்வந்தாள்.

ஞானசுந்தரிக்குக் கால் உடைந்த பிறகு பரிமளாவால் அப்படிப் போக முடியவில்லை. ஞானசுந்தரி காலனியிலிருந்து வந்த முதலாண்டுப் பெண். கொட்டும் மழையில் காலனி முனையில் நின்று கையைக் காட்டியிருக்கிறாள். பஸ் நிற்கவில்லை. பின்னாலேயே ஓடியவளை ஜல்லி லாரி ஒன்று அடித்துத் தள்ளியது. பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் போனான். அங்கே நிறுத்தக் கூடாதென்று அவனுக்கு உத்தரவு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். கவனமில்லாமல் ஓடியது மாணவியின் தவறு என்று கல்லூரியில் எல்லா வகுப்பிலும் சொன்னார்கள்.

பரிமளாவும் கூடப் படிக்கும் காலனிப் பையன் செந்தமிழனும் காஞ்சிபுரம் போய் மாணவர் உரிமைச் சங்கத்தாரைப் பார்த்தார்கள். கல்லூரியில் அதன் கிளையைத் தொடங்குவது என்றும், பஸ்ஸைக் காலனி முனையில் நிறுத்தச் சொல்வதே முதல் கோரிக்கை என்றும் முடிவாயிற்று.

மறுநாளிலிருந்து கல்லூரி அவர்கள்மேல் பாய்ந்தது. பிரின்சிபால் வளாகத்தில் கூட்டம் கூடாது என்றார். ஒட்டிய தாளெல்லாம் கிழிபட்டது. பரிமளாவின் பெஞ்சில் யாரோ அவள் சாதிப்பேரைக் காம்பஸ் முனையால் கீறி வைத்தார்கள். கூட உட்காரும் கீர்த்தி திருப்புலிவனத்து நிலக்காரர் வீட்டுப் பெண். தான் சேர்ந்தால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார் என்று சொல்லிவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். காலனியிலும் பெரியவர்கள் படிக்கிற வழியைப் பார்க்கச் சொல்லி ஏசினார்கள். எல்லாரையும்விட அதிகமாக ஏசியவள் பாக்கியமேரி.

மூன்றாம் நாள் நாற்றங்காலில் இருந்த பாக்கியமேரியையே கல்லூரிக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். சேறு காயாத காலோடு வந்து நின்றாள். வேதகிரி நாற்காலி காட்டவில்லை. பக்கத்தில் நின்ற பரிமளாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பாக்கியம், உன் பொண்ணு தலைவியாயிட்டாளாமே. பஸ்ஸு காலனில நின்னா ஊர்க்காரன் எவன் தன் பிள்ளைய இங்க அனுப்புவான்? சங்கம் கிங்கம்னு இன்னொரு பேச்சு வந்துது, டி.சி.யக் கையில குடுத்துடுவேன். அதுக்கப்புறம் காலனி ஆளு ஒருத்தரும் என் கழனில கால் வைக்க வேணாம்."

அம்மா காலில் விழப்போகிறாள் என்று பரிமளா பயந்தாள். அவளும் கையைக் கூப்பத்தான் செய்தாள். பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஐயா, ஞானசுந்தரி ஓடியாரப்ப டிரைவரு பாத்துக்கினே போனாராமே. நிறுத்தாதன்னு சொன்னது நீங்களா?"

"என் பஸ்ஸு. எங்க நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

பாக்கியமேரி கூப்பிய கையைக் கீழே விட்டாள். "கையி எங்குளுது ஐயா. எங்க எறங்கி நடணும்னு நாங்க சொல்றோம்."

வேதகிரி எழுந்து நின்று கத்தியதை அவர்கள் வராந்தா கடக்கும்வரை கேட்டார்கள். சாயங்காலம் பாக்கியமேரி நடவுப் பெண்களின் வீடுவீடாகப் போய், காலையில் கழனியில் இறங்காமல் காலனி முனைக்கு வரச் சொன்னாள். பரிமளாவும் கூடப் போனாள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "உன் பொண்ணு படிப்புக்கு எங்க அடுப்ப அவிக்கிறியா?" என்று ஆண்டாளம்மாள் தெருவே கேட்கச் சண்டை போட்டாள். பாக்கியமேரி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

காலையில் நாற்றங்காலில் ஆளில்லை. பறித்துப் போட்ட முடிச்சுகள் வரப்போரம் வாடிக்கொண்டிருந்தன. காலனி மாணவர்களும் கொஞ்சம் நடவுப் பெண்களும் காலனி முனையில் ரோட்டை மறித்து நின்றார்கள். பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து, இடிக்கிற தூரத்தில் நின்றது. ஜன்னல்களிலிருந்து கெட்ட வார்த்தைகள் விழுந்தன. பின்னால் காரில் வந்த வேதகிரி இறங்கினார்.

"நகருங்க. போலீஸக் கூப்ட்டுடுவேன்."

"கூப்புடுங்க. அந்தப் பொண்ணு ரோட்டுல கெடந்தப்ப அவங்க வருவாங்கன்னுதான் நாங்களும் பாத்துக்கினு இருந்தோம்" என்றாள் பாக்கியமேரி.

அவர் போனை எடுத்தார். டிரைவர் எஞ்சினை உறுமவிட்டு பஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்தினான். பிள்ளைகள் பின்வாங்கினார்கள். அப்போது காலனித் தெருவிலிருந்து ஆண்டாளம்மாள் வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு பஸ்ஸின் முன்சக்கரத்தண்டை தொப்பென்று உட்கார்ந்தாள். எஞ்சின் அணைந்தது. பஸ்ஸின் படியில் கீர்த்தி தெரிந்தாள். உள்ளேயிருந்து யாரோ அவள் பையைப் பிடித்து இழுத்தார்கள். பையை விட்டுவிட்டு இறங்கி வந்து, பரிமளாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

கல்லூரிக்குள் பேசுவதற்கென்று மனப்பாடம் செய்த எதுவும் பரிமளாவுக்கு நினைவுக்கு வரவில்லை. "மாணவர் உரிமைச் சங்கத்தோட நம்ம காலேஜ் கிளைய இங்கயே தொடங்குறோம். சேர்றவங்க கை தூக்குங்க" என்றாள்.

கைகள் ஒவ்வொன்றாக ஏறின. கீர்த்தியின் கை பாதி ஏறி, பிறகு முழுதும் ஏறியது. நடவுப் பெண்களும் கையைத் தூக்கினார்கள். செந்தமிழன் பாக்கியமேரியிடம் குனிந்து, "சித்தி, இது மாணவர் சங்கம்" என்றான்.

"தெரியும்டா" என்றாள் அவள், கையை இறக்காமல்.

உத்திரமேரூர்ப் பக்கமிருந்து ஜீப் வருகிற சத்தம் கேட்டது. அது நெருங்கி வந்து நின்றபோதும் ஒருவரும் கையை இறக்கவில்லை.