இலை உதிர்ந்த குளம்

மகர மாதம், அதாவது தை, வந்தால் ரப்பர் மரங்கள் மொட்டையாகிவிடும். அத்தனை இலையும் குளத்தில்தான் விழும். அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் அறுபது வீடுகள் குடித்தன.

ஊர்க் குடிநீருக்குப் பம்ப் போடும் ரெமணிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் நிற்கும் குளத்தில் பிளீச்சிங் பவுடரை இரட்டைப் பங்காகக் கலக்கி ஊற்றுவாள். மறுநாள் தண்ணீர் வெளுத்துவிடும். மருந்து வாடை மூக்கைத் துளைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. மஞ்சள்காமாலைக்குத் தம்பியைப் பறிகொடுத்தவள், மருந்தில் கஞ்சத்தனம் பார்ப்பாளா? அவள் பொறுப்பேற்ற ஒன்பது வருடத்தில் ஒரு வீட்டிலும் காமாலை இல்லை. அந்தப் பெருமையில் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடப்பாள், நடக்கட்டுமே.

இந்த வருடம் தண்ணீரைச் சோதித்த ஆய்வுக்கூடத்துப் பெண் ஷிஃபானா, முடிவுத்தாளோடு நேரிலேயே வந்துவிட்டாள். அழுகிய இலைச்சாறும் குளோரினும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் மாதிரி சில பொருட்கள் உண்டாகும், அவை அளவுக்கு மேல் இருக்கின்றன என்றாள். வருடக்கணக்கில் குடித்தால் மூத்திரப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாமாம். அதற்காக மருந்தை நிறுத்தினால் காமாலை திரும்பி வந்துவிடும். முதலில் இலையை வாரி, மணல் தொட்டியில் வடிகட்டி, கடைசியில் மேல்தொட்டியில் அளவாகக் கலக்க வேண்டும். ரெமணி கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலேயே குளத்தில் செய்துவிட்டாள், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். ரெமணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

குடிநீர்க் கமிட்டிக் கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்ட வேண்டாம் என்று செயலாளர் காதோடு சொன்னார். மறைத்துவிட அவளுக்கும் ஆசைதான். வேலை போனால் போகட்டும், ஊர் தன் தண்ணீரை நம்பாமல் போய்விடுமே என்றுதான் பயம். ஆனாலும் எழுந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

போன வருடம் மூத்திரப்பைப் புற்றில் புருஷனை இழந்த மறியக்குட்டி கேட்டாள்:

"அப்போ எங்க வீட்டுக்காரரு உன் மருந்தாலதான் போனாரா, ரெமணி?"

"தெரியாது சேச்சி. இல்லைன்னு சொல்லிடணும்னு நெஞ்சு அடிச்சுக்குது. சொல்ல முடியலை."



"நாப்பது வருஷம் பீடி ஊதின மனுஷன். எதுல போனாரோ, கர்த்தருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மறியக்குட்டி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்துப் பேர் இலை வார வந்தார்கள். மறியக்குட்டி வரவில்லை. உச்சிப்பொழுதில், வடிகட்டி அளவாக மருந்து கலந்த தண்ணீரால் மேல்தொட்டி நிரம்பிய பிறகு, செம்போடு வந்தாள். குழாயில் பிடித்து, ரெமணியைப் பார்த்தபடியே அண்ணாந்து குடித்தாள். ரெமணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.