ஒருவர் உட்காரும் திரை

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பதுதான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் தொழில். மச்சான் வரைவார், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அளவு சரிபார்ப்பார். சேர்ந்த புதிதில் சும்மா விளையாட்டுக்குத்தான் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு மச்சானின் தங்கையையே மாப்பிள்ளை கட்டிக்கொள்ள, விளையாட்டு நிஜமாகிவிட்டது.

இப்போது தங்கைக்கு வேலை மாற்றலாகி, மாப்பிள்ளையும் கூடவே வேறு ஊருக்குப் போய்விட்டார். தினமும் காலையில் மச்சான் ஃபோனில் கூப்பிட்டுத் தன் மானிட்டரை ஸ்கிரீன் ஷேர் செய்வார். மாப்பிள்ளை அங்கே லேப்டாப்பில் பார்த்து "சரி மச்சான், சரி மச்சான்" என்பார். அன்றைக்கு எல்லாம் சரி என்றவர், மறுநாள் "அந்த ஜன்னலைக் கொஞ்சம் பாரேன்" என்று இழுப்பார். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. பில்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போட்டு உடைத்துவிட்டார். "இங்கேயே கூட உக்காந்து பாக்குற மாதிரி ஒரு ஆளப் போடுங்க சார். இல்லன்னா நான் வேற இடம் பாத்துக்கிறேன்."

பெரிய மானிட்டரில் காட்டினால் தப்பு அன்றைக்கே கண்ணில் படலாம், ஆளை மாற்றுவதற்கு முன் மானிட்டரை மாற்றிப் பார்ப்போம் என்றுதான் மச்சான் கடைக்கு வந்திருந்தார். இதுவும் சரிப்படவில்லை என்றால், "நீ வேண்டாம் மாப்ள" என்று தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

கடையில் அந்த வளைந்த மானிட்டர் மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டு கிடந்தது. மச்சான் அதன் முன் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு இன்னொரு நாற்காலியை இழுத்து இடப்பக்கம் போட்டார். விற்பனைப் பெண் வாசலைப் பார்த்தாள்.

"கூட யாராவது வர்றாங்களா சார்?"

"இல்லம்மா. பழக்கதோஷம்."

"இதுக்கு முன்னால ஒருத்தர்தான் சார் உக்காரணும், நட்டநடுவுல. அப்பதான் ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி தெரியும். வளைச்சிருக்கிறதே அதுக்குத்தான்."

ஒருத்தருக்கு எதற்கு இவ்வளவு அகலம் என்று மச்சானுக்கு எரிச்சல் வந்தது. பழைய ஆபீசில் இருந்தது தொந்தி தள்ளிய பெட்டி மானிட்டர். அதற்கு முன்னால் முழங்கை இடிக்க இரண்டு பேர் உட்காருவார்கள். சூடு ஆறாமல் இருக்க மாப்பிள்ளை டீ டம்ளரை அதன் தலையில்தான் வைப்பார். தப்பு கண்ணில் பட்டால் விரலைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் அழுத்துவார். சாயங்காலத்துக்குள் எது சுவர், எது மாப்பிள்ளையின் கட்டைவிரல் என்று தெரியாத அளவுக்கு அழுக்கு. "கையை எடுடா" என்று கத்தியே மச்சானின் தொண்டை வறண்ட காலம் அது. அந்தச் சனியனைத் தூக்கிப் போட்ட அன்று விட்டது தொல்லை என்று இருந்தவருக்கு, இன்று அதன் மேல் ஏன் இவ்வளவு பாசம் பொங்குகிறது என்று விளங்கவில்லை.

புது மானிட்டர் எது வந்தாலும் இருவரும் முதலில் திறப்பது ஒரே பிளானைத்தான். மச்சான் முதன்முதலாகப் போட்ட வீடு. அதில் குளியலறைக்குக் கதவே கிடையாது. மாப்பிள்ளை கண்டுபிடித்த முதல் தப்பு அதுதான் என்பதால், திருத்தாத நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதைத் திறந்ததும் மாப்பிள்ளை, "குளிக்கப் போறவன் கூரையைப் பிரிச்சுத்தான் இறங்கணும்" என்பார். அதைக் கேட்டு இருவரும் சிரித்து முடித்த பிறகுதான் மானிட்டர் பாஸ்.

மச்சான் பென் டிரைவில் கொண்டுவந்திருந்த அதையே திறந்து, ஸ்கிரீன் ஷேர் போட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாப்ள, தெரியுதா?"

"ஆஹா! பளிங்கு மாதிரி தெரியுது மச்சான்."

"பிளான் எப்படி?"

"அளவெல்லாம் கச்சிதமா இருக்கு. யோசிக்காம வாங்கிடு."

மச்சான் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார். வர வேண்டிய பேச்சு வரவில்லை.

"எந்த பிளான்னு சொல்லு பாப்போம்."

"புதுசு... அந்த மாடி வீடுதானே?" என்று இழுத்தது குரல்.

விற்பனைப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இவ்வளவு அகலத்தை முழுசா ஷேர் பண்ணா, சின்ன லேப்டாப்ல நாடா மாதிரிதான் சார் தெரியும்."

மச்சானுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எவ்வளவு நாளா மாப்ள இந்த நாடகம்?"

"இங்க வந்ததுலேர்ந்தே. ஆபீஸ்ல இப்ப இருக்கிற மானிட்டரும் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரிஞ்சுது."

"அப்புறம் தப்பெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நீ ஃபோனை வச்சதும் கணக்குக்காக அனுப்புற ஃபைலைத் திறந்து, பெருசு பண்ணி, ஒவ்வொரு மூலையாப் பாப்பேன். அதான் மறுநாள் சொல்லுவேன்."

"அடப்பாவி! முதல்லயே சொல்லியிருந்தா ஃபைலை மட்டும் அனுப்பிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்திருப்பேனே. பில்டர்கிட்ட இப்படிப் பேச்சு வாங்கியிருக்க மாட்டேனே!"

"அதனாலதான் சொல்லல மச்சான். அனுப்பிட்டு உன் வேலையைப் பாப்ப. காலையில கூப்பிட மாட்ட. உன் தங்கச்சியும் வேலைக்குக் கிளம்பிப் போயிட்டா, இந்த வீட்ல என்கிட்டப் பேச யாரு இருக்கா?"

தினமும் காலையில் முகத்தைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஃபோனைத் தேடுவது தானும்தான் என்பது அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது. அவ்வளவு பெரிய திரை முன்னால் எரிந்துகொண்டிருக்க, ஒன்றும் தெரியாதபடி கண் கலங்கிவிட்டது.

"இதையே பில் போடட்டுமா சார்?"

"வேண்டாம்மா. வளைவு இல்லாம, நல்ல பெருசா ஒண்ணு எடு. டெலிவரி வேற ஊருக்கு."

"எனக்கா? எனக்கெதுக்கு மச்சான்..."

"சும்மா இரு. இனிமே ஃபைல் வந்ததும் நீயே பாத்து முடிச்சிடணும். மறுநாள் காலையில பில்டர் கைக்குப் போயாகணும்."

"சரி. அப்ப காலையில ஃபோன் கிடையாது. வேலைதான் முடிஞ்சிருக்குமே."

"கூப்பிடுவேன்டா. இத்தனை வருஷமா வேலையைச் சாக்கா வச்சே பேசிட்டோம். சாக்கு இல்லாமயும் பேசிப் பாப்போம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உன் தங்கச்சி கிளம்பினப்புறம் கூப்பிடு," என்றார் மாப்பிள்ளை. "அவ இருந்தா ஃபோனைப் பிடுங்கிக்குவா."